குழலில் ஒரு சந்தனப் பொட்டு

பாலங்கள் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று அறிக்கை எழுதுவது என் வேலை. அதனால் லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு ரைபிள் துருப்பிடித்தது யாருடைய தவறு என்று எழுதும் தகுதி எனக்கு உண்டு. என்னுடைய தவறுதான்.

வார இறுதிகளில் இலக்குச் சுடும் கழகம் ஒன்றுக்குப் போகிறேன். அங்கே இரவலாகக் கிடைக்கும் ரைபிள்கள் எல்லாம் ஆறடி ஆண்களை மனதில் வைத்துச் செய்தவை. நான் ஐந்தடி ஒரு அங்குலம். ஆகவே எசெக்ஸில் துப்பாக்கி செய்யும் ஒருவரிடம் போனேன். சட்டை தைப்பவரைப் போல என் கையையும் கழுத்தையும் அளந்தார். ஒவ்வொரு சூட்டுக்கும் கைப்பிடியை உயர்த்தி, இழுத்து, தள்ளி, தாழ்த்த வேண்டிய போல்ட் வகை, அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. வால்நட் கட்டை, கறுப்புக் குழல். குழலுக்கு அந்தக் கறுப்பை அவர் பழைய முறையில் ஏற்றினார்: இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போட்டு, தேய்த்து, மறுபடியும் துருப்பிடிக்க விட்டு. துரு வராமல் இருக்கத் துருவையே பூசுவது. ஒன்றரை வருடம் காத்திருந்தேன்.

அம்மாவுக்கு அது ரைபிள் அல்ல, துவக்கு. யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டுக்குத் துவக்கோடு வந்தவர்கள் யாரும் அட்டையில் வட்டம் போட்டுச் சுட்டவர்கள் அல்ல.

"உது உள்ள வந்தா நான் பார்க்கிங்கில தங்கச்சி வீட்ட போயிடுவன்," என்றார். பார்க்கிங், சித்தி குடியிருக்கும் பக்கத்து ஊர்.

அனுமதிப் பத்திரத்துக்கு முன் பொலிஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ரைபிளைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி சுவரோடு இறுகியிருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். சாவி இருக்கும் இடம் வீட்டில் வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றார். அம்மாவுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு பொருளை வைக்கச் சொல்லும் சட்டம் அது. பிறகு சமையலறைக்கு வந்து, மகள் துப்பாக்கி வைத்திருப்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று அம்மாவைக் கேட்டார்.

"யெஸ், யெஸ். நோ புரொப்ளம்," என்று அம்மா மிக்சர் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

அவர் போனதும் கேட்டேன்: "ஏனம்மா ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"யூனிபோர்ம் போட்டவன் கேட்டா வேற என்னத்தைச் சொல்லுறது?"

"அவர் யூனிபோர்ம் போடேல்லையே."

"போடாட்டிலும் பொலிஸ் பொலிஸ்தான்."

பத்திரம் வந்தது. அம்மாவின் சம்மதம் அரசாங்கக் கோப்பில் ஏறியது. அது செல்லாத சம்மதம் என்று எனக்கு மட்டும் தெரியும். அம்மா பார்க்கிங்குக்குப் போகவில்லை. ஆனால் பெட்டி இருந்த மாடிச் சின்ன அறைக்குள் கால் வைப்பதை நிறுத்திவிட்டார். உடுப்பு அயன் பண்ணும் மேசைகூட அங்கிருந்து கீழே வந்துவிட்டது. எனக்கு அவரிடமிருந்து ஓர் உண்மையான ஓம் வேண்டியிருந்தது. அதற்கு எந்தப் படிவமும் இல்லை.

கையிலிருந்த வேலையைப் பார்த்தேன். பெட்டிக் கதவின் உட்புறம் துருத் தடுப்புப் பட்டியல் ஒன்று ஒட்டினேன், பதினொரு வரிகள். முதல் வரி, வெறும் விரல் படக்கூடாது. நான்காவது, சுட்டு வந்த அன்றே எண்ணெய். ஆறாவது, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பைகளை மாதம் ஒருமுறை காயவைக்க வேண்டும். ஏழாவது வரியை அம்மா பார்க்கவில்லை என்பது நல்லது: பிட்டு அவிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும். பெட்டிக்குள் இருந்த ஈரப்பதமானி பிட்டு நாள்களைத் தவறாமல் காட்டிக்கொடுத்தது.

"உன்ர துவக்குக்குத் தடிமன் பிடிச்சுத் தும்மும் எண்டு நான் அவியாமல் இருக்கேலுமோ?" என்று கேட்டார். கதவைச் சாத்துவது எதற்கென்று ஊகித்துவிட்டார்.

அந்த ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது. அம்மா தன் தையல் மெஷினைத் துடைத்து, கத்திகளைக் கழுவி வைத்தார். நான் லாப்டொப்பையும் வேனியர் அளவுகோலையும் வைத்தேன்.

"உன்ர ஆயுதம் எங்க பிள்ளை?"

"வைச்சிட்டனே அம்மா."

"அதில்லை. மேல இருக்கிறது."

சுட முடியாதபடி போல்ட்டைக் கழற்றிப் பெட்டியிலேயே பூட்டிவிட்டு, மிச்சத்தைக் கீழே கொண்டு வந்து வெள்ளைத் துணியில் வைத்தேன்.  அம்மா மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்துக் குழலில் ஒரு பொட்டு வைத்தார், அதன்மேல் குங்குமம். என் பட்டியலின் முதல் வரி அங்கேயே போயிற்று.

பூசை முடிந்து பெட்டியைத் திறந்தபோது அம்மா அறை வாசலில் நின்றார். வாசல் வரைக்கும் வந்ததே அதுதான் முதல் தடவை. என் கையில் எண்ணெய்த் துணி.

"பூட்டு. ஆனா பொட்டைத் துடைச்சிடாத. நாளைக்கு விடியத்தான் தொடலாம்."

ஈரச் சந்தனம், லண்டன் குழாய்த் தண்ணீர், மூடிய பெட்டி. என்ன நடக்கும் என்று நான் அறிக்கையே எழுதலாம். ஓர் இரவுதானே என்று துணியை மடித்து வைத்தேன். விடியற்காலை வேல்ஸில் ஒரு பாலத்துக்கு அவசரமாக அழைத்தார்கள். நான்கு நாள்கள் அடுத்தவர்களுடைய துருவை அளந்துவிட்டு வந்தேன். பொட்டு உலர்ந்து உதிர்ந்திருந்தது. அதன் கீழே கடலைப்பருப்பளவில் பழுப்பு வட்டம். நகத்தால் தடவினால் சொரசொரத்தது.

எசெக்ஸ்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு வட்டமான துருவை நான் பார்த்ததில்லை. என்ன இரசாயனம்?"

"சந்தனம்," என்று சொல்லி விளக்கினேன்.

"பிரார்த்தனைக்கு என்னிடம் உத்தரவாதம் கிடையாது," என்றார். குழலைக் கழற்றி முழுவதும் புதிதாகக் கறுப்பேற்றலாம், அல்லது தேய்த்து எண்ணெயிட்டு அப்படியே விடலாம். சூட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொல்வதாயில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தே கேட்டு எடுத்துவிட்டார்.

"ஏன் பிள்ளை துடைக்கேல்லை?"

"நீங்கள்தானே தொடவேண்டாம் எண்டனீங்கள்."

"நான் சொன்னா? பாலம் பாலமாத் துருப் பார்க்கிறவள், வாயைத் திறந்து சொல்லுறதுக்கென்ன?"

"சொன்னா நீங்கள் திரும்பியும் வாசலுக்கு வரமாட்டீங்கள்."

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. வெட்டிக்கொண்டே சொன்னார்: "பொலிஸுக்குச் சொன்னது பொய்தான். உனக்கும் தெரியும். எனக்கு உதைக் கண்டா இப்பவும் பயம்தான். ஆனா உது நீ வைச்சிருக்கிறது. உனக்கு ஒண்டும் ஆகக்கூடாது எண்டுதான் பொட்டு வைச்சனான். துவக்குக்கு இல்லை."

புதிதாகக் கறுப்பேற்ற வேண்டாம் என்று எசெக்ஸுக்கு அறிவித்தேன். அவர் காரணம் கேட்கவில்லை.

அடுத்த ஒக்டோபரில் சந்தனத்தை என்னுடைய துப்பாக்கி எண்ணெயில் குழைத்தது அம்மாதான். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பெற்றோல் ஷெட் சாமி மாதிரி மணக்குது. எவ்விடத்தில வைக்க?"

"எங்கெண்டாலும் வையுங்கோ."

"பழைய இடத்திலயே வைக்கிறன். புதுசா ஒரு இடத்தையும் பழுதாக்க வேண்டாம்."

பொட்டு வட்டத்தைச் சரியாக மூடியது. நான் ரைபிளை எடுத்துக்கொண்டு மேலே போனேன். பின்னால் அம்மா அயன் பண்ணும் மேசையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.