ஒன்றாம் நம்பர் டோக்கன்

காலையில் கோலார் தங்கவயலே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும். அந்த நேரத்தில் எதிர்த்திசையில் மாரிகுப்பம் வண்டியில் வருகிறவர்கள் இரண்டு வகை: தூங்கிப்போய் இறங்கத் தவறியவர்கள் ஒரு வகை, டாக்டர் சங்கமித்ரா இன்னொரு வகை.

தங்கவயலின் ஊரிகத்தில், சுரங்கக் காலத்துக் கிடங்கில் நடக்கும் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்கு அவர்தான் இயக்குநர். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கிளம்பி, புனேயில் மகள் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தார். ஆபீஸ் போனை அணைத்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டதால் நன்றாகத் தூங்கினார். பங்காருபேட்டை தாண்டியதும் அதை எடுத்து உயிர் கொடுத்தார். அவர் உயிர் போனது.

முதலில் கண்ணில் பட்டது, ஊருக்குக் கிளம்புமுன் அவரே போட்ட சுற்றறிக்கை. ‘மின் சிக்கனம்: எல்லோரும் வெளியேறியபின் மெயின் சுவிட்சை அணைக்கவும்.’

மெயினை அணைத்தால் விளக்கு மட்டுமா அணையும்? மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியும் சேர்ந்தல்லவா நிற்கும்! சுரங்கத்தில் வேலை பார்த்த எழுநூறு பேரை ஒன்பது வருடமாகக் கெஞ்சி, வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் போய் உட்கார்ந்து சேர்த்த ரத்தம் அதில் இருக்கிறது. கொடுத்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. ‘உறைபெட்டி நீங்கலாக’ என்று எழுத மறந்திருந்தார். அதையும் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் ஒரே மாதிரி மறந்திருந்தார்.

அடுத்துக் கண்ணில் பட்டவை, காவலாளி நோயலிடமிருந்து வந்து, எடுக்காமல் போன பதினோரு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டால் சிக்னல் இல்லை.

மையத்தின் வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் குதித்தார்.

“நோயல், மெயின்?”

“ஹேப்பி நியூ இயர், மேடம்.”

“அது கிடக்கட்டும். மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா?”

“எப்டி மேடம் பண்றது? உள்ள ஒரு ஆளு கீதே!”

நோயல் வாசல் பலகையைக் காட்டினார். வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு பித்தளை டோக்கன். உள்ளே போகும்போது எடுக்க வேண்டும், வெளியே வரும்போது மாட்ட வேண்டும். சங்கமித்ராவின் அப்பா சுரங்க ஷாஃப்ட்டில் இறங்கிய காலத்து வழக்கம். ஒரு டோக்கன் திரும்பாவிட்டால் கீழே ஒருவர் இருக்கிறார் என்று பொருள். காற்றையும் விளக்கையும் நிறுத்தக் கூடாது. தீ விபத்து நேர்ந்தால் உதவும் என்று மையத்தில் இதைக் கொண்டுவந்தவர் சங்கமித்ராதான். இளைய விஞ்ஞானிகள் சிரித்தார்கள். நோயல் சிரிக்கவில்லை.

முதல் ஆணி மட்டும் காலி.

“அது என் நம்பராச்சே! என் பெட்டியை ஆட்டோவுல தூக்கி வெச்சதே நீங்கதானே?”

“வெச்சேன். ஆனா ஆளு போறத பாத்தேன்னு சொல்றவன நம்பாத, டோக்கன நம்புன்னு எங்கப்பா சொல்வாரு. எல்லாரும் போனபின்னதானே அணைக்கச் சொல்லி எழுதிக்கீறீங்க? பதினோரு தபா போன் போட்டேன். உள்ள கீற ஆளு போனும் எடுக்கலன்னா பயமா இருக்குமா, இருக்காதா?”

பதில் சொல்லச் சங்கமித்ரா அங்கே இல்லை. உறைபெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். மைனஸ் எண்பது. எண்ணைத் தொட்டுப் பார்த்தார், ஏதோ அது அழிந்துவிடும் போல.

கைப்பையில், மகள் கட்டிக்கொடுத்த லட்டு டப்பாவுக்கு அடியில் டோக்கன் கிடந்தது. கொண்டுபோய் மாட்டினார். நோயல் பதிவேட்டில் எழுதினார்: ‘இயக்குநர். உள்ளே, டிசம்பர் 24. வெளியே, ஜனவரி 5.’

“மேடம், அப்ப உங்க லீவு லெட்டரை இன்னா பண்றது?” என்றாள் அப்போதுதான் வேலைக்கு வந்த ஆபீஸ் பாக்யலட்சுமி. “ரெஜிஸ்டர்படி நீங்க நகரவே இல்லையே!”

“வாயை மூடிட்டு லட்டு சாப்பிடும்மா.”

டோக்கனை மறுபடி எடுத்துக்கொண்டு உள்ளே போன இயக்குநர், புது வருடத்தின் முதல் வேலையாகப் புதுச் சுற்றறிக்கை எழுதினார். ‘உறைபெட்டி நீங்கலாக’ என்பதற்கு அடிக்கோடு இரண்டு. கையெழுத்துப் போடுமுன் வாசலுக்கு வந்து, “படிச்சுப் பாருங்க நோயல்” என்று நீட்டினார்.

நோயல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மூன்று மொழியிலும் நிதானமாகப் படித்தார்.

“எல்லாம் சரி மேடம். தேதியில மட்டும் போன வருசத்தப் போட்டுக்கீறீங்க.”