கைராசிக்காரியின் ஐந்து நாள் லீவு

என் அக்கா நர்ஸ். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஊசி போட்டால் வலிக்காது என்பதால், ஹாஸ்டலில் தங்கியிருந்த காலத்திலேயே அவளுக்குக் கைராசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் அறைத்தோழிகள் இரண்டு பேர், ஒருத்தி பேங்க்காரி, ஒருத்தி டீச்சர். நல்லா இருக்கட்டும். அவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், எனக்கு இப்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு பேரும் கல்யாணமாகி ஆளுக்கொரு நாட்டில் செட்டிலாகிவிட்டார்கள். போனில் மட்டும் மூன்று பேரும் இன்னும் அதே ஹாஸ்டல் அறையில்தான் இருந்தார்கள். ஒருநாள் பேங்க்காரி, "நான் இருக்கிற ஊருக்குப் பக்கத்துல ஒரு சிட்டி இருக்குடி. மூணு பேரும் அங்க வந்துடலாம். ஆத்தங்கரையில நடக்கலாம், காபி குடிக்கலாம், தூங்கலாம். நீ கையை வீசிக்கிட்டு வந்தா போதும்" என்றாள்.

அக்கா லீவுக்காக மேட்ரன் முன்னால் தவம் கிடந்தாள். நடப்பதற்கென்று ஒரு வெள்ளை ஷூ வாங்கினாள். பெட்டியை மூடும்போது என்னிடம், "இந்த அஞ்சு நாளும் ஒருத்தர் உடம்பையும் தொட மாட்டேன்டி. யாராவது மயங்கி விழுந்தாக்கூட தாண்டிப் போயிடுவேன்" என்றாள். நான் சிரித்தேன். இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது அந்த ஐந்து நாள்தான்.

வாடகைக்கு எடுத்த வீட்டுக் கதவைத் திறந்ததும், கட்டிப்பிடித்து அழுது சிரித்து எல்லாம் ஆனது. ஹாலில் ஜன்னலோரமாகச் சக்கர நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பேங்க்காரியின் மாமியார், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டவர்.

"பார்த்துக்கிற பொண்ணு திடீர்னு லீவுல போயிட்டாடி. ஒரு மூலையில இருப்பாங்க, நீ கண்டுக்கவே வேணாம்" என்றாள் பேங்க்காரி.

கண்டுகொள்ளாமல் இருக்க அவளால் முடியுமா? அந்த அம்மா விழுந்துபோன பக்கமாகவே சரிந்து கிடந்தார். தலையணை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அக்கா டீயைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான், கை தானாகப் போய்விட்டது. நிமிர்த்தி உட்கார வைத்து, அடிபட்டதுபோலச் சிவந்திருந்த குதிகாலைத் தடவிப் பார்த்து, புண் வரப் போகிறது என்று கண்டுபிடித்தாள். இப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அது தெரிந்த பிறகு அவள் எங்கே போவாள்?

தோழிகளுக்கும் அது தெரியும். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அந்த அம்மாவை அவள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார்கள், வேலை முடிந்தது.

முதல் நாள், "படகு டிக்கெட் எடுத்துட்டு இதோ வந்துடறோம்" என்று போனவர்கள், இருட்டும்போது கடைப் பைகளோடு வந்தார்கள். மறுநாள் மியூசியம். அங்கே படிக்கட்டு அதிகமாம், சக்கர நாற்காலி ஏறாதாம். "உனக்குப் பழைய சாமான் பார்க்கப் பிடிக்காதுல்ல" என்றாள் டீச்சர். அக்காவுக்கு எது பிடிக்கும் என்று அவளுக்கு எப்போது தெரியும்?

மூன்றாம் நாள் காலை, அக்கா அந்த அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் குழறிக் குழறிப் பேசினார்.

"உன் கை மெத்துனு இருக்கும்மா. புது நர்ஸ் வரப் போறான்னு மருமக ஒரு மாசமா சொல்லிட்டிருந்தா. பழைய பொண்ணுக்கு லீவு குடுத்ததே நீ வர்றேன்னுதான். இனிமே நீயே இருப்பியா?"

அக்காவின் கையில் சீப்பு நின்றுவிட்டது. நான் நர்ஸாக வரவில்லை, உங்கள் மருமகளின் சிநேகிதி என்று சொல்ல வாயெடுத்தாளாம்.

"அஞ்சு நாளைக்குத்தாம்மா" என்றாள்.

சமையலறையில் பேங்க்காரியைப் பிடித்தாள். "ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்டியே."

"வந்திருப்பேன்டி. கேட்டிருந்தா வந்திருப்பேன். உன் சிநேகிதியா வந்திருப்பேன்."

பேங்க்காரி குழாயைத் திறந்து கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். டீச்சர் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

அப்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டாமா? நானாக இருந்தால் அந்தத் தட்டைப் பிடுங்கி உடைத்திருப்பேன். "அந்தம்மா என்னடி பண்ணுவாங்க? அவங்களைப் போட்டுட்டு வர முடியுமா?" என்கிறாள் இவள். கடைசி நாள்வரை திருப்பிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டுத்தான் வந்தாள். குதிகால் சிவப்பு வற்றிவிட்டதாம். அதை என்னிடம் பெருமையாக வேறு சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள்.

பெட்டியிலிருந்து ஷூவை எடுத்து வைத்தது நான்தான். அடியில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

போன வாரம் பேங்க்காரி போன் செய்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே நடக்காததுபோல, "அடுத்த வருஷம் கடற்கரை ஊருக்குப் போலாம்டி, டீச்சர் ஏற்பாடு பண்றா" என்றாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள் அக்கா.

"அதெல்லாம் இல்லடி. டீச்சரோட அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. அவர் பாட்டுக்கு ஒரு மூலையில இருப்பாரு" என்றாள்.

அக்கா போனை வைத்துவிட்டாள். யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, அந்த வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு, டூட்டிக்குக் கிளம்பினாள்.