இறங்காமல் போகலாம்

தையல் மெஷின் ஒன்று நின்றுபோனால் என் அத்தை முதலில் மெஷினைத் தொட மாட்டார். அதில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, "எப்படி உக்காந்து தைப்பே? உக்காரு, பாக்கலாம்" என்பார். பாதிப் பழுது அந்த உட்காரும் விதத்திலேயே தெரிந்துவிடும் என்பது அவர் எண்ணம். பழைய சந்தையை ஒட்டிய தெருக்களில் இருபது வருடம் மாடி மாடியாக ஏறி இறங்கி மெஷின் பார்த்தவர். தையல் கம்பெனிகளில் எல்லோருக்கும் அவர் மெஷினக்கா.

மெஷின்களின் இரும்புத் தலைகளைத் தூக்கித் தூக்கி முதுகு போயிற்று. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு நிறுத்தச் சொன்னார். அத்தையால் நிறுத்த முடியவில்லை. சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சந்து இருக்கிறது. கூரைச் சந்து என்பார்கள். அங்கே அந்த மாத்திரை சீட்டு இல்லாமல் கிடைத்தது. விற்றவன் ஒருநாள், "நீங்கதான் எல்லா மாடிக்கும் போறீங்களே, இதையும் கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்றான். ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவில் பொட்டலங்களும் போயின. ஆறாவது முறை கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"யாரும் என்னை மிரட்டல. நானேதான் செஞ்சேன்" என்பதை இன்றும் அவர் மறைப்பதில்லை.

ஐந்து மாதம் சிறையில் இருந்துவிட்டு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். கையில் ஆறு பக்க உத்தரவு ஒன்று இருந்தது. கோர்ட்டு மொழி அவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. சாப்பாட்டு மேஜையில் வைத்து நான்தான் வாசித்துச் சொன்னேன். கடைசிப் பக்கம் ஒரு வரைபடம். சந்தையைச் சுற்றிப் பதினான்கு தெருக்களை ஒரு சிவப்புக் கோடு வளைத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு அதற்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மறுபடி சிறை.

அம்மா கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். "உன் பொழைப்பு மொத்தமும் இதுக்குள்ளதானேடி இருக்கு" என்றாள்.

"விலக்குன்னு ஏதோ வாசிச்சாளே, அதை மறுபடி வாசிக்கச் சொல்லுங்க அண்ணி."

விலக்கு நான்கு. கோர்ட்டுக்கு வரலாம். வக்கீலைப் பார்க்க வரலாம். உயிருக்கு ஆபத்து என்றால் அரசு மருத்துவமனைக்கு வரலாம். நான்காவது, பொதுப் பேருந்தில் அந்தப் பகுதி வழியாக, எங்கேயும் இறங்காமல் போகலாம்.

"பஸ்ல போகலாமா?"

"போகலாம் அத்தை. இறங்கத்தான் கூடாது."

"அது போதும்" என்று அத்தை உத்தரவை மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார்.

வாரத்துக்கு ஒருமுறை நகரத்தின் தென்கோடியில் இருந்த நன்னடத்தை அதிகாரி அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சுற்றுச் சாலைப் பேருந்தில் போனால் ஒன்றேகால் மணி நேரம். சந்தை வழியாகப் போகும் பன்னிரண்டாம் எண்ணில் இருபத்தைந்து நிமிடம். சுற்றியே போகச் சொன்னார் அப்பா. "எதுக்கும்மா வம்பை விலைக்கு வாங்குறே?"

"கோர்ட்டே குடுத்ததை நான் ஏண்ணே வேணாம்னு சொல்லணும்?"

அவர் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, கேட்கப் போனார். பேருந்து நெரிசலில் நிற்கும்போது மாடி ஜன்னல்களிலிருந்து மெஷின் சத்தம் தெருவில் இறங்கும். வீட்டுக்கு வந்து, "நீலக் கட்டடம் மூணாவது மாடியில ஒண்ணு அழுவுது. எண்ணெய் போட்டே மாசக்கணக்காகும்" என்பார்.

கோட்டுக்கு வெளியே தையல் கம்பெனியே கிடையாது. வீட்டு மெஷின்கள் மாதத்துக்கு நாலைந்து வந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் அத்தையின் கை துறுதுறுத்தது. "உங்க தங்கச்சி என் மெஷினை இந்த வாரம் மூணு தடவை பிரிச்சிட்டா. அடுத்து என்னைத்தான் பிரிக்கப் போறா" என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டாள். முதுகு வலிக்கும் நாட்களில் அவர் சுவரில் சாய்ந்து பேசாமல் இருப்பார். அந்த மௌனம்தான் எங்களுக்குப் பயம். வேலை இருந்தால் தாக்குப்பிடிப்பார், இல்லாவிட்டால் வலி ஜெயித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் மாதம் இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் மனுப் போட்டார். வேலைக்காகப் பகலில் மட்டும் உள்ளே போக ஐந்தாவதாக ஒரு விலக்கு வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "நிரந்தர முதலாளி இல்லை. நாற்பது கட்டடம் ஏறி இறங்குகிறவரை யார் கண்காணிப்பது? எந்தப் பையில் பொட்டலம் கொண்டுபோனாரோ, அதே பையோடு அதே தெருவுக்குப் போகக் கேட்கிறார்" என்றார். உண்மை என்பதால் அது சுட்டது. அத்தை தலை நிமிரவில்லை. நீதிபதி மூன்று வாரம் கொடுத்தார். கம்பெனிகளிலிருந்து கடிதம் வர வேண்டும். இவரை நம்பலாம் என்று காட்ட ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

கடிதம் கேட்டு நான் ஏறி இறங்கினேன். எல்லோரும் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. நீலக் கட்டடத்து முதலாளி மனம் விட்டே சொன்னார்: "அக்கான்னா எனக்கு உயிரும்மா. ஆனா கோர்ட்டுக் காகிதத்துல என் கம்பெனி பேரு வேணாம்."

அந்த மூன்று வாரத்தில் இரண்டாவது கையெழுத்துக்கு நானும் உடன் போனேன். பன்னிரண்டே காலுக்கு, நீலக் கட்டடத்துக்கு நேர் எதிரில், பேருந்து ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது. டிரைவர் என்னென்னவோ செய்து பார்த்தார். கண்டக்டர், "எல்லாரும் இறங்குங்க, பின்னாடி வர்ற வண்டியில ஏத்திவிடறேன்" என்றார். எல்லோரும் இறங்கினார்கள். அத்தை மட்டும் அசையவில்லை, நானும் அவர் பக்கத்திலேயே இருந்தேன்.

"உங்களுக்குத் தனியாச் சொல்லணுமாம்மா?"

"நான் இறங்கக் கூடாதுப்பா" என்று பிளாஸ்டிக் உறையை நீட்டினார் அத்தை. கண்டக்டர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் என்னிடம் கொடுத்தார். நான் வாசித்துச் சொன்னேன்.

போக்குவரத்து தேங்கியதால் ஒரு போலீஸ்காரர் வந்தார். ஜலதோஷம் பிடித்த, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மனிதர்.

"இறங்கும்மா. நானே சொல்றேன்ல?"

"இறங்கினா பிடிக்க வேண்டியவரே நீங்கதான் சார்."

"நான் பிடிக்க மாட்டேன், போதுமா?"

"அதை எழுதிக் குடுங்க."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். கோர்ட்டைக் கேளுங்கள் என்றார்கள். கோர்ட்டில் மதிய உணவு இடைவேளை. நான் இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தேன். அத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. "குடிச்சா அப்புறம் எங்க போறது? நீயே வச்சுக்கோ பாப்பா."

அதற்குள் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏய், நம்ம மெஷினக்காடி!"

சூப்பர்வைசர் பெண் படிகளில் தடதடவென்று இறங்கி வந்து பேருந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "எட்டு மாசம் ஆச்சுக்கா உங்களைப் பாத்து! ஏன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க? மேல வாங்க, ரெண்டு மெஷின் படுத்துக் கிடக்கு."

"இறங்க முடியாதுடி."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் இடுப்பில் கைவைத்து ஒரு நிமிடம் யோசித்தாள். "நீங்கதானே இறங்கக் கூடாது? மெஷின் ஏறலாமில்ல?"

இரண்டு பெண்கள் ஒரு மெஷின் தலையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குள் ஏறினார்கள். போலீஸ்காரர் கண்டக்டரைப் பார்த்தார். "பஸ்ஸுக்குள்ள இதெல்லாம் செய்யலாமாய்யா?"

"லக்கேஜ் டிக்கெட் எடுத்துட்டா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல சார்."

நீளச் சீட்டில் மெஷினைச் சாய்த்து வைத்தார்கள். அத்தை எப்போதும்போல முதலில் பெண்ணைத்தான் கேட்டார். "யாரு தைக்கிறது? என்ன செய்யுது?"

"தையல் விட்டு விட்டு விழுதுக்கா."

ஊசி கீழே போய் மேலே வரும்போது நூல் ஒரு சின்னக் கண்ணியாக வளையும். சரியாக அந்த நொடியில் அடியிலிருக்கும் கொக்கி வந்து அதைப் பிடிக்க வேண்டும். கொக்கியின் திருகு தளர்ந்து மயிரிழை நகர்ந்திருந்தது. அத்தையின் கைப்பையில் சிறிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இல்லாத நாளே கிடையாது. சக்கரத்தைக் கையால் சுற்றினார், நிறுத்தினார், கண்ணை இடுக்கினார், திருகை முடுக்கினார். துணி வைத்துச் சுற்றினார். இருபது தையல், ஒன்றுகூட விடவில்லை. நீலக் கட்டடத்தின் எல்லா ஜன்னல்களிலும் தலைகள். இரண்டாவது மெஷினைச் சொல்லாமலே தூக்கி ஏற்றினார்கள். டிரைவர், "அப்படியே என் இன்ஜினையும் பாருங்களேன்" என்றார்.

"அதுக்கு இறங்கணுமேப்பா."

இழுவை வண்டி வர இரண்டே முக்கால் ஆயிற்று. அத்தை உள்ளே உட்கார்ந்திருக்கவே பேருந்தைக் கோட்டுக்கு வெளியே இழுத்துப் போனார்கள். போலீஸ்காரர் தம் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டார். மறுநாள் நீலக் கட்டடத்து முதலாளி எனக்குப் போன் செய்தார். "ரெண்டரை மணி நேரம் ஜன்னல்ல நின்னு பாத்துட்டேன்மா. கையெழுத்து எங்க போடணும்?" அவரைப் பார்த்து இன்னும் இரண்டு கம்பெனிகள் கடிதம் தந்தன.

எங்கள் வக்கீல் போலீஸ்காரரின் குறிப்பேட்டு நகலை வரவழைத்தார். நீதிபதி அதை இரண்டு முறை வாசித்தார். "போலீசே சொல்லியும் இறங்கவில்லையா?"

"உத்தரவுல போலீஸ் சொன்னா இறங்கலாம்னு இல்லீங்க ஐயா."

எதிர்த்தரப்பு வக்கீல்கூடச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி வரைபடத்தை எடுத்துவைத்து, எந்தெந்தத் தெரு வேண்டும் என்று கேட்டார். அத்தை கடிதம் தந்த மூன்று கம்பெனிகளின் தெருக்களைச் சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே, "கூரைச் சந்துக்கு மட்டும் வழி திறந்துடாதீங்க ஐயா. பின்னால யார் வந்து கேட்டாலும் அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"அங்கே உங்களுக்கு வேலை இல்லையா?"

"இருபத்திரண்டு மெஷின் இருக்கு. என்னோட பெரிய கம்பெனியே அதுதான்."

"பிறகு ஏன்?"

"முதுகு இன்னும் வலிக்குதுங்க ஐயா. சில நாள் ரொம்ப வலிக்கும்."

எங்கள் வக்கீல் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். இப்படிச் சொல்லச் சொல்லி அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. நீதிபதி எழுத ஆரம்பித்தார். வாரத்தில் ஐந்து நாள், காலை ஒன்பது முதல் நான்கு வரை, மூன்று கட்டடங்கள், சந்தை நிறுத்தத்தில் இறங்கி அங்கேயே ஏற வேண்டும், கூரைச் சந்துக்கு எப்போதும் தடை, ஆறு மாதத்தில் மறுபரிசீலனை.

முதல் நாள் நானும் போனேன். அம்மா இருவருக்கும் ரொட்டி கட்டிக் கொடுத்து, "இனி என் மெஷினுக்கு விடுதலை" என்றாள். அவள் கண் மட்டும் கலங்கியிருந்தது. பேருந்தில் அதே கண்டக்டர். சந்தை நிறுத்தம் வந்ததும், "இன்னிக்காவது இறங்குவீங்களாம்மா?" என்று விசிலை வாயில் வைத்தபடி கேட்டார்.

அத்தை கடைசிப் படிவரை போனார். நின்று, என் கையைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். எட்டு ஐம்பத்திரண்டு.

"ஒன்பதுன்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு நிமிஷம்தானே அத்தை!"

"எட்டு நிமிஷம் உள்ள இருந்தா உள்ள இருந்ததுதான்."

கோட்டைத் தாண்டிய அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். நடந்து வரலாம் என்றால் வேறு வழியாக வரக் கூடாதே. எதிர்ப்பக்கம் போய்க் காத்திருந்து, திரும்பி வரும் பேருந்தைப் பிடித்து, சந்தை நிறுத்தத்தில் அத்தை தரையில் கால் வைத்தபோது ஒன்பது இருபது. வலது கால், பிறகு இடது கால். கொஞ்சம் நின்றார். பிறகு எனக்கு ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் நீலக் கட்டடத்தை நோக்கி நடந்தார்.

மூன்றாவது மாடி வாசலில் சூப்பர்வைசர் பெண் காத்திருந்தாள். "முதல் நாளே லேட்டுக்கா."

"பஸ்ஸு" என்றார் அத்தை.

"ஐயோ, மறுபடியும் நின்னுடுச்சா?"

"அதெல்லாம் இல்ல. நல்லா ஓடுது." பையை இறக்கிவைத்தார். ஜன்னலோர மெஷினில் ஒரு பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அத்தை அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"எப்படி உக்காந்து தைப்பே? பாக்கலாம்."