ரிஸ்னா அவிழ்க்க வந்த கட்டு

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிஸ்னா பையைத் தோளில் கொழுவிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நான் வீட்டை போறன். வாப்பாவுக்குப் போன் பண்ணியிட்டன். ஓட்டோவிலை வந்துகொண்டிருக்கிறார்."

தொண்டைமானாறு நீரேரிக் கரையில் நாங்கள் நடத்திய சாகச முகாமின் இரண்டாம் நாள் அது. கட்டடப் பொறியியல் டிப்ளோமா முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்திருந்தேன். கயிறு, தெப்பம், தண்ணீர்ப் பாதுகாப்பு மூன்றும் என் பொறுப்பு. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் பிள்ளைகளும் தென்மராட்சிக் கிராமங்களின் சைவப் பிள்ளைகளும் நாலு பேர் கொண்ட அணிகளாகக் கலந்து, வெறும் பிளாஸ்டிக் பீப்பாய்ப் பரலும் மூங்கிலும் வைத்துத் தாங்களே தெப்பம் கட்டி, மறுநாள் காலை அக்கரைக்குப் போகவேண்டும். நகரத்துக் குடும்பங்கள் பெண்பிள்ளைகளை எங்களிடம் தங்க விட்டது அதுதான் முதல் தடவை. ரிஸ்னா இப்படித் திரும்பிப் போனால் அடுத்த முகாமுக்கு ஒருத்தியும் வரமாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். அணிக்கு ஓர் அடுப்பும் ஒரு சட்டியும் கொடுத்திருந்தோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழிக்கறியைச் சூடாக்க ரிஸ்னா சட்டியில் ஊற்றப் போனாள். அதே அணியில் இருந்த கொடிகாமத்துத் தர்சினி பாய்ந்து சட்டியைப் பறித்துவிட்டாள்.

"ஐயோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமை! இதுக்கை மச்சம் விடாதை!"

எங்கள் சைவ வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்கும் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை மச்சச் சட்டி அடுப்புப் பக்கமே வராது. தர்சினி யோசித்துச் செய்த காரியமல்ல; கை தானாகப் போயிருந்தது. ரிஸ்னாவுக்கு அது தெரியாது.

"எங்கடை சாப்பாடு தீட்டோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

முகாம் பொறுப்பாளர் குகன் அண்ணை பதறிப்போனார். "எல்லாரையும் வட்டமா இருத்திக் கதைச்சுத் தீர்ப்பம்."

"கதைக்க ஒண்டுமில்லை அண்ணை" என்றாள் ரிஸ்னா.

எனக்கு வேறொரு கவலை. எங்கள் தெப்ப விதிகளில் ஒன்று: கட்டியவர் ஏறப்போவதில்லை என்றால், தான் போட்ட கட்டைத் தானே அவிழ்க்கவேண்டும். ஏறுகிறவர் புதிதாகக் கட்டுவார்.

"போறது உன்ரை விருப்பம். ஆனா உன்ரை கட்டை அவிழ்த்துப்போட்டுப் போ" என்றேன். தந்திரமாகச் சொல்லவில்லை. யார் போயிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

காலையில் தண்ணீரில் விட்டுப் பார்த்ததில் தென்னந்தும்புக் கயிறு ஊறி இறுகிப்போயிருந்தது. அவள் ஒரு முனையை இழுக்க, பரல் உருண்டது. மறுபடி இழுக்க, மறுபடி உருண்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற தர்சினி, ஒருவரும் கூப்பிடாமலே வந்து பரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள். நான் பக்கத்துத் தெப்பத்தின் கட்டுகளைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

"ஆர் இதை இப்பிடி இறுக்கினது?" என்றாள் தர்சினி.

"நான்தான். மாடு கட்டுறியோ எண்டு நேற்று நீதானே பகிடி பண்ணினனீ."

"வெள்ளிக்கிழமையிலை எங்கடை அம்மா அண்ணையையும் சட்டி தொட விடமாட்டா. அவன் கடையிலை மீன்பொரியல் வாங்கிக் கிணத்தடியிலை நிண்டு தின்னுறவன்."

"பொய்."

"பிள்ளையாராணை! ஒரு பக்கம் அவன், மற்றப் பக்கம் காகம்."

ரிஸ்னா சிரிப்பை அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்கடை சட்டியிலை என்ன சமைச்சதோ, ஹலாலோ தெரியாது எண்டுதான் உம்மா கறி கட்டித் தந்து விட்டவ. நான் அதை மறந்து அதுக்கையே ஊத்தப் போனன்."

"அடி கள்ளி! அப்ப நீயும் எங்கடை சட்டியிலை தின்ன மாட்டாய்தானே!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பரல் கையை விட்டு ஓடியது. அதைத் துரத்திப் பிடித்த நேரம் ஓட்டோ வந்து நின்றது. ரிஸ்னாவின் வாப்பா இறங்கி, சிரிக்கிற மகளையும் அவிழாத கயிற்றையும் பார்த்தார்.

"எங்கை உன்ரை பை?"

"வாப்பா, கட்டு அவிழுதில்லை."

"அவிழாட்டி வெட்டுவம். ஓட்டோவுக்கை கத்தி கிடக்கு."

"வேண்டாம், வேண்டாம்! வெட்டினா நாளைக்கு என்னத்தாலை கட்டுறது?"

தர்சினி இடையில் புகுந்தாள். "அங்கிள், எங்களுக்குப் புதுச் சட்டி வாங்கித் தருவீங்களோ?"

"சட்டிக்கோ என்னை யாழ்ப்பாணத்திலையிருந்து கூப்பிட்டனீங்கள்?"

கோபமாகத்தான் கேட்டார். ஆனால் ஓட்டோ நெல்லியடிச் சந்தைப் பக்கம் திரும்பியது. வரும்போது மச்சத்துக்கு ஒன்று, மரக்கறிக்கு ஒன்று என்று இரண்டு மண்சட்டிகள் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை மறுபடி வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றார். தெப்பம் அக்கரை சேரும்வரை, "ரெண்டு பேரும் எழும்பாதையுங்கோ! இருந்துகொண்டு வலியுங்கோ!" என்று கத்தினார்.

இப்போது நான் வீதி வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். ஊறின தும்பின் மணம் எங்காவது வந்தால் அந்தக் கரைக்குப் போய்விடுகிறேன். முகாம் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகள் பிணங்கினால் உடனே வட்டமாக இருத்தாதீர்கள். ஒருவர் பிடிக்க மற்றவர் இழுக்கவேண்டிய வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட்டால்தான் நட்பு என்றும் நினைக்காதீர்கள். இரண்டாக வாங்குங்கள்.