எட்டு இருபதுக்கு வந்த சீட்டு

இது நடந்தது. தேதியும் நேரமும் என் போனில் இருக்கின்றன. காவல் நிலையத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்திலும் இருக்கின்றன. படித்துவிட்டு நீங்கள் நம்பாமல் போனால் எனக்கு நிம்மதிதான். நம்பியவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

என் பெயர் கேத்தரின். தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறேன். அங்கே ரிப்போர்ட் டைப் செய்கிறவள் மெஹ்ஜபீன். இரண்டு பேருக்கும் இருபத்தேழு வயது. இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், பாட்டு. பெரிய மைதானக் கச்சேரிகள் எங்களுக்குப் பிடிக்காது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொடங்கிப் புத்தாண்டு வரைக்கும் எங்கள் பக்கத்துக் கோயில் வளாகங்களில், கல்யாண மண்டபங்களில், பள்ளிக்கூட ஹாலில் சின்னச் சின்னக் கச்சேரிகள் நடக்கும். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, ஒரு தபலா, இரண்டு பாடகர்கள். அறுபது நாற்காலி. பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழும். அதற்காகவே நாங்கள் என் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போவோம். அந்த டிசம்பரில் ஆறு நாளில் நான்கு கச்சேரி கேட்டுவிட்டோம். ஐந்தாவது கச்சேரியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

2023 டிசம்பர் 29. வெள்ளிக்கிழமை.

மாலை 6.10க்குத் தர்மபுரியிலிருந்து கிளம்பினோம். மொரப்பூருக்கு முன்னால் இடப்பக்கம் பிரிகிற ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கஷ்டம். 7.05க்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு சிறிய மாதா கோயில், வாசலில் சீரியல் லைட் போட்ட கிறிஸ்துமஸ் குடில், பக்கத்தில் மேடை. கேட்டுக்கு அருகில் காசியம்மாள் என்று ஒரு அம்மா வேகவைத்த கடலைக்காய் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

கீபோர்டு வாசித்தவர் மதலைமுத்து. ஐம்பது வயதிருக்கும். குழு அவருடையது, அறிவிப்பும் அவரே. கேட்பவர்கள் பாட்டையும் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால், மைக்கில் படித்துவிட்டுப் பாடுவார்கள். அன்று நல்ல கூட்டம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மெஹ்ஜபீன் மெரூன் துப்பட்டாவைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூடவே முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

8.20.

மதலைமுத்து ஒரு சீட்டை எடுத்தார். இரண்டு விரலால் பிடித்து உதறினார்.

“யாருங்க இது, சீட்டை நனைச்சுக் குடுத்தது?” என்று சிரித்தார். பிறகு படித்தார். “தர்மபுரியிலிருந்து வந்திருக்கிற மெஹ்ஜபீனுக்காக, அவங்க தோழி கோகிலவாணி கேக்கற பாட்டு...”

பாட்டின் பெயரையும் சொன்னார்.

மெஹ்ஜபீனின் கை கடலைக்காயோடு அப்படியே நின்றது.

“யாருடி கோகிலவாணி?” என்றேன்.

பாட்டு தொடங்கிய பிறகுதான், என் காதருகே குனிந்து சொன்னாள். கல்லூரியில் மூன்று வருடம் வாணியும் அவளும் ஒரே பெஞ்ச். கல்லூரி விழாவில் இரண்டு பேரும் சேர்ந்து பாடியது இந்தப் பாட்டைத்தான். பிறகு வாணி ஒருவனை விரும்பினாள். வீட்டைவிட்டுப் போவதாக இருந்தாள். பையன் சரியில்லை என்று பயந்து, மெஹ்ஜபீன்தான் வாணியின் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். எல்லாம் நின்றுபோயிற்று. ‘இனி என் மூஞ்சியிலயே முழிக்காதே’ என்று வாணி சொல்லி நான்கு வருடம் ஆகியிருந்தது.

“அவ பாலக்கோட்டுல இல்ல இருக்கா... இங்க எப்படி வந்தா?” என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. “கோபம் போயிருச்சு போலடி.”

திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“அங்க பாரு. கடைசி வரிசை. பச்சை சுடிதார்.”

நானும் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் நான்கு நாற்காலி காலி. பச்சை சுடிதாரில் யாரும் இல்லை. காலி நாற்காலிகளில் ஒன்று மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது.

எழுந்து போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

8.31. இன்னொரு சீட்டு.

“இது பாட்டு இல்லீங்க, சேதி,” என்றார் மதலைமுத்து. “‘மெஹ்ரு, பின்பக்கம் வா. தனியா வா.’ அவ்வளவுதான் எழுதியிருக்குது.”

கூட்டம் சிரித்தது. மெஹ்ஜபீன் சிரிக்கவில்லை.

“மெஹ்ருன்னு அவ ஒருத்திதான் கூப்பிடுவா,” என்றாள். பையையும் போனையும் என் மடியில் வைத்தாள். “அஞ்சு நிமிஷம். நீ வராத. பேசிட்டு வந்துடறேன்.”

போனாள்.

8.44. அவள் வரவில்லை.

அடுத்த பாட்டு பாதியில் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. காரணம் தெரியவில்லை. நான்கு வருடப் பேச்சு, பதின்மூன்று நிமிடத்திலா முடியும்? இருந்தாலும் எழுந்தேன். கேட்டில் காசியம்மாளிடம் கேட்டேன்.

“மெரூன் துப்பட்டா போட்ட பொண்ணா? இப்பத்தான் அந்தச் சந்துல போச்சு கண்ணு.”

“கூட யாரு போனாங்க?”

“ஒருத்தரும் இல்ல. தனியாத்தான் பேசிக்கிட்டுப் போச்சு. போன்ல பேசுது போலன்னு நெனச்சேன்.”

அவள் போன் என் கையில் இருந்தது.

கோயிலுக்குப் பின்னால் சந்து. சந்து முடிந்ததும் மண்பாதை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த காடு. நிலா அப்போதுதான் மேலே வந்திருந்தது. ஒரு பத்தடி போனதும் காலில் ஏதோ தட்டியது. டார்ச் அடித்தேன். மெஹ்ஜபீனின் செருப்பு. இரண்டும் ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி விடப்பட்டிருந்தன. ஒரு வீட்டு வாசலில் விடுவதுபோல.

பின்னால் மேடையிலிருந்து பாட்டு கேட்டது.

முன்னாலும் கேட்டது.

எதிரொலி என்று நினைத்தேன். எங்கேயோ பாறை இருக்க வேண்டும். நான்கு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது...

எதிரொலி பிறகுதானே வர வேண்டும்?

முன்னால் கேட்ட குரல் ஒரு வரி முந்திக்கொண்டு பாடியது. அது பாடி முடித்த வரியை, மேடை அடுத்ததாகப் பாடியது. மறுபடியும் அது. மறுபடியும் மேடை. பெண் குரல்.

நான் ஓட ஆரம்பித்தேன்.

நிலா வெளிச்சத்தில் மெஹ்ஜபீன் தெரிந்தாள். அறுபது அடி தூரம். மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். அவளது வலது கை உடம்பைவிட்டு விலகி, சற்று முன்னால் நீண்டிருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் எப்படி நீளுமோ, அப்படி.

“மெஹ்ஜபீன்...”

அவள் திரும்பவில்லை. சிரித்தாள். “அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன் வாணி,” என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னாள்.

பக்கத்தில் யாரும் இல்லை.

அவளுக்கு முன்னால் பாதையும் இல்லை.

கறுப்பாக ஒரு பள்ளம்.

கல் குவாரி.

துப்பட்டாவைப் பிடித்தேன். கையோடு வந்துவிட்டது. அவள் நிற்கவில்லை. பாய்ந்து இடது கையைப் பிடித்தேன். இழுத்தேன். அவள் வரவில்லை. இன்னொரு பக்கம்... யாரோ இழுத்தார்கள்.

அப்படித்தான் இருந்தது. வேறு எப்படிச் சொல்ல?

“மாதாவே” என்று கத்திக்கொண்டு முழு பலத்தோடு பின்னால் விழுந்தேன். அவள் என்மேல் விழுந்தாள்.

அப்போது கீழே தண்ணீரில் ஒரு சத்தம்.

தொபுக்கென்று.

ஓர் ஆள் விழுந்த சத்தம்.

நாங்கள் இருவரும் கரையில் கிடந்தோம்.

போனைப் பார்த்தேன். 8.52.

முன்னால் பாடிய குரல் நின்றிருந்தது.

“ஏன்டி இழுத்த?” என்று மெஹ்ஜபீன் அழுதாள். “வாணி விழுந்துட்டா. தனியா விழுந்துட்டா.”

என் கத்தலைக் கேட்டு ஆட்கள் டார்ச்சோடு வந்தார்கள். குவாரியில் தேங்கிய தண்ணீரின்மேல் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். கரையிலிருந்து கரைவரை பச்சைப் பாசி, விரித்த துணி மாதிரி மூடியிருந்தது. எங்கேயும் கிழியவில்லை. கலையவில்லை. ஒரு கல் விழுந்தாலே தெரியும் என்றார் ஒருவர்.

கச்சேரியை நிறுத்திவிட்டார்கள். மதலைமுத்து எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்தச் சீட்டை யார் கொடுத்தது என்று கேட்டேன்.

“பச்சை சுடிதார் போட்ட பொண்ணுங்க. ரெண்டு சீட்டும் அதுதான் குடுத்துச்சு,” என்றார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “வாங்கறப்ப விரல் பட்டுச்சு. ஐஸ்ல வெச்ச மாதிரி இருந்துச்சுங்க. பனியில நின்னிருக்கும்னு நெனச்சேன்.”

சீட்டுகளைக் காட்டினார். இரண்டும் இன்னும் ஈரமாகவே இருந்தன. மை மட்டும் கலையவில்லை. மெஹ்ஜபீன் பார்த்த உடனே, “வாணி எழுத்துதான்” என்றாள்.

9.30. வாணிக்கு இப்போதே போன் போட வேண்டும் என்றாள். நான்தான் தடுத்தேன். இந்த நிலையில் என்ன பேசுவாய், நான்கு வருடம் கழித்து ராத்திரியில் கூப்பிட்டால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள், காலையில் பேசிக்கொள்ளலாம் என்றேன். அந்தப் பேச்சை நான் இன்றுவரை எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். அப்போது பேசியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா? தெரியவில்லை.

திரும்பி வரும்போது அவள் பின்னாலிருந்து என் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தாள். அவளது வலது கை பட்ட இடம் மட்டும் சில்லென்றிருந்தது. அவள் வீட்டு வாசலில் லைட் வெளிச்சத்தில் அந்த உள்ளங்கையைப் பார்த்தேன். வெளுத்து, சுருக்கம் சுருக்கமாக இருந்தது. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய கைபோல.

மறுநாள் சனிக்கிழமை. காலை 10.15. சென்டரின் பின்னறையில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாணியின் எண்ணுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

எடுத்தது ஒரு ஆண். வாணியின் அண்ணன் சென்னப்பன்.

“அண்ணா, நான் மெஹ்ஜபீன் பேசறேன். வாணி இருக்குதுங்களா?”

சென்னப்பன் குழம்பினார்.

“என்னம்மா, நீயே கேக்கற? ராத்திரி உன் கூடத்தானே வந்துச்சு?”

மெஹ்ஜபீன் என்னைப் பார்த்தாள்.

சென்னப்பன் சொன்னது இதுதான். முந்தின நாள் பாலக்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் சின்னக் கச்சேரி. புத்தாண்டுக்காக இளைஞர் மன்றத்தார் வைத்தது. அவரும் வாணியும் போயிருந்தார்கள். 8.20 இருக்கும். ஒரு சீட்டு படித்தார்கள். தர்மபுரி மெஹ்ஜபீன், தோழி கோகிலவாணிக்காகக் கேட்கும் பாட்டு என்று. வாணி அழுதுவிட்டாளாம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சீட்டு. அதைப் படித்ததும், மேடைக்கே போய்ச் சீட்டை வாங்கி, அதையும் தன் போனையும் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, வெளியே போயிருக்கிறாள்.

“நான் பாத்தனேம்மா. கேட்டுக்கிட்ட நின்ன. மெரூன் துப்பட்டா போட்டிருந்த. அது கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போன. என்னால பிரிஞ்சதுங்க, மறுபடி சேருதுன்னு நான் தடுக்கல. உங்க வூட்டுல தங்கிடுச்சுன்னுதான் இந்நேரம் வரைக்கும் இருக்கறேன்.”

நாங்கள் பாலக்கோடு போய்ச் சேர்ந்தபோது மணி 12.40. மண்டபத்துக்குப் பின்னால் கரும்புத் தோட்டம். அதற்குள் ஒரு பழைய கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது. 2.30க்குத் தீயணைப்பு வீரர்கள் வாணியை மேலே எடுத்தார்கள்.

பச்சை சுடிதார்.

வலது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் எதையோ பிடித்தபடி மடங்கியிருந்தன.

போலீஸ் மெஹ்ஜபீனை மூன்று முறை கூப்பிட்டு விசாரித்தது. எங்கள் கச்சேரியை யாரோ போனில் எடுத்த வீடியோ இருந்தது. 8.20க்கும் 8.31க்கும் மெஹ்ஜபீன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால். அதனால் விட்டுவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சென்னப்பன் தர்மபுரிக்கு வந்தார். கோபமாக வரவில்லை. ரொம்ப இளைத்துப்போயிருந்தார். வாணி அன்று அவர் கையில் கொடுத்துவிட்டுப் போன சீட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். மேஜைமேல் வைத்தார். ஒரே ஒரு வரி.

‘வாணி, பின்பக்கம் வா. தனியா வா.’

“யார் எழுதுனதுன்னு மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் கேக்கல,” என்றார்.

மெஹ்ஜபீன் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சென்டர் ரிஜிஸ்டரில் மூன்று வருடமாக நான் தினமும் பார்க்கிற எழுத்து. எனக்கே தெரிந்துவிட்டது.

“என் எழுத்துதான் அண்ணா,” என்றாள். “ஆனா நான் எழுதல.”