விட்பிக்குப் போன தூதர்

யூனியன்வில்லில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அமெரிக்கத் தூதரக அதிகாரி. மனைவி கனடாக்காரி என்பதால் இங்கே வந்து சேர்ந்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் தூதர். வேலிக்கு மேலால் தலையை நீட்டினால் போதும், ஆபிரிக்காவில் ஒரு சண்டையை நிறுத்திய கதை தொடங்கிவிடும். அதில் பாதி புளுகு என்பது என் கணிப்பு.

என் அண்ணை முக்கால் மணி நேரக் கார் ஓட்டத்தில், விட்பியில் இருக்கிறார். ஆறு வருடமாகப் பேச்சில்லை. தன் மகனின் கல்யாணக் கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தராமல் தொலைபேசியில் படமாக அனுப்பினார், நான் போகவில்லை. இப்போது என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் ஒரு மணவறையா? வீம்பை விட்டு நானே கார்டைக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தேன். என் கணவரோ, "நான் அந்தப் படி மிதிக்கமாட்டன்" என்றுவிட்டார்.

இதை வேலியோரம் கேட்ட தூதர், கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து என் காரில் ஏறிவிட்டார். வழியெல்லாம் அண்ணையைப் பற்றி ஒரே விசாரணை. நானும் வாய் ஓயாமல் சொன்னேன். இளமையில் அமெரிக்காவில் படிக்கப் பெட்டி கட்டியவர், கொழும்பில் விசா கிடைக்கவில்லை, அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அண்ணி தேத்தண்ணியும் வடையும் வைத்தார். நான் தட்டத்தில் கார்டை வைத்து நீட்டினேன். அண்ணை தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தூதர் ஒரு மிடறு குடித்துவிட்டு, சாவகாசமாக, "அந்தக் காலத்தில் கொழும்பில் விசா மேசையில் இருந்தவன் நான்தான். உங்கள் முகம் ஞாபகம் இருக்கிறது" என்றார்.

அண்ணை எழும்பிவிட்டார். "தங்கச்சி! உந்த மனிசனை எங்கையிருந்து பிடிச்சுக்கொண்டு வந்தனீ?"

ஆறு வருடத்துக்குப் பிறகு கேட்ட 'தங்கச்சி'. எனக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது. அது நானே வழியில் சொன்ன கதை என்பது மூளைக்கு எட்டவில்லை. "ஐயோ அண்ணை, உவர்தான் அந்த ஆள் எண்டு எனக்குத் தெரியாது!" என்று நானும் எழும்பினேன். இருவருமாகச் சேர்ந்து ஒரு மணித்தியாலம் அவரை வறுத்தெடுத்தோம். அவர் குனிந்த தலை நிமிராமல் மூன்று வடை சாப்பிட்டார். நாங்கள் புறப்படும்போது கார்ட் அண்ணையின் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

காரில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் கொழும்புக்குப் போனதே இல்லை" என்றார் தூதர். "சண்டைபிடித்த இருவருக்கும் சேர்ந்து திட்ட ஓர் ஆள் வேண்டும். முப்பது வருடமாக என் உத்தியோகம் அதுதான்."

கல்யாணத்தன்று அண்ணை முதல் ஆளாக வந்து மணவறையடியில் நின்றார். தூதரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை. நான் உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் அந்தக் கோபம் எந்த வீட்டுக்குத் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும்.