குழாய் தகரத்துக்கு அந்தப் பக்கம்

இன்று எங்கள் ஊராட்சிக் கூட்டம் செல்போனில் நடந்தது. கொரோனா முடியும்வரை இனி இப்படித்தானாம்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அலுவலகத்தில் கூட்டம் என்றால் வார்டு உறுப்பினரான நான் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். பேசுவதெல்லாம் என் வீட்டுக்காரர். இன்று அவர் திராட்சைக்கு மருந்தடிக்கப் போய்விட்டார்.

வணக்கம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"என் வார்டுல கீழத் தெருவத் தகரம் வச்சு அடச்சுட்டீக. குழாய் தகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. உள்ள இருக்கவுக குடிதண்ணிக்கு எங்கன போவாக?"

தலைவர் திரையில் எனக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"மாப்ள இல்லையா தங்கச்சி?"

"தோட்டத்துக்குப் போயிருக்காக."

"சரி, வரட்டும். பேசிக்கிருவோம்."

பேச்சு தெருவிளக்குக்குப் போய்விட்டது. நான் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

கூட்டம் முடிகிற நேரத்தில் வீட்டுக்காரர் வந்தார். மருந்துக் கையைக்கூடக் கழுவாமல் போனை வாங்கி, நான் சொன்னதையே சொன்னார்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல மாப்ள? காலைல தண்ணி வண்டி வந்துரும்" என்றார் தலைவர்.

போனை என்னிடம் நீட்டியபடி வீட்டுக்காரர் கேட்டார்: "எப்படிப் பேசணும்னு பாத்துக்கிட்டயா?"

தண்ணீர் வண்டித் தீர்மானத்தை முன்மொழிந்தவர் என்று என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கீழத் தெருக்காரர்களே, காலையில் குடத்தோடு நில்லுங்கள். அப்படியே இதற்கும் பதில் சொல்லிவிடுங்கள்: எங்கள் இரண்டு பேரில் நீங்கள் ஓட்டுப் போட்டது யாருக்கு?